மாங்குளத்தில் நெல் ஏற்றும் சாமான் கோச்சி: மாதிரிப் பாதையில் ஓட்டும் முறை

தானிய ரயில் என்றதும் மாதிரி ரயில் செய்பவர்களின் கண்ணில் வருவது அமெரிக்க, கனடியச் சமவெளிகள்தான்: நூறு பெட்டிக்கு மேல் நீளும் ஹொப்பர் தொடர், உயர்ந்த களஞ்சியக் கோபுரம், மேலிருந்து குழாய் வழியே கொட்டும் கோதுமை. இலங்கையின் வடக்கே, வன்னியில் நெல் சாக்கில் போகும். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து ஆளின் தோளுக்கு, தோளிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து நாலு சில்லு மூடுபெட்டிக்கு. ஒரு பெட்டி நிறையவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கோச்சி ஓடுவது கொஞ்ச நேரம், பெட்டிகள் சைடிங் என்ற பக்கப்பாதையில் நிற்பது அரை நாள். அந்த நிற்கும் நேரத்தைச் சரியாகக் காட்டிவிட்டால் மற்றதெல்லாம் தானாக உண்மை போலத் தெரியும். அதைத் தவறவிட்டால் எவ்வளவு அழகான இஞ்சின் வைத்தாலும் அது சுற்றிச் சுற்றி ஓடும் விளையாட்டுச் சாமான்தான்.

இங்கே சொல்வது மாங்குளம் நிலையத்தைப் போன்ற ஒரு சிறிய ஒற்றைப்பாதை நிலையத்துக்கு. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் இடம் அது. இரு பக்கத்து வயல்களின் நெல்லும் வந்து சேர்வதாகக் காட்ட வசதியானது. காலம் 1976 முதல் 1982 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1975இல் கனடாவிலிருந்து வந்த எம்4 இஞ்சினும், 1954 முதல் ஓடிய எம்2 இஞ்சினும் ஒரே பாதையில் நிற்கலாம். 1956இல் தொடங்கிய யாழ்தேவி என்ற பயணிகள் கோச்சி தினமும் கடந்து போகும். நெல் சந்தைப்படுத்தல் சபை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்துவிட்டது. காங்கேசன்துறைச் சீமெந்தும் ஆனையிறவு உப்பும் தெற்கே போகும். இக்காலத்தைக் காட்ட விரும்பினால் பாதையே வேறு: 1990இல் நின்றுபோன சேவை கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரிலும் யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரிலும் திரும்ப வந்தது. மரச் சிலிப்பர் கட்டைக்குப் பதில் கொங்கிரீட், கைகாட்டிக்குப் பதில் வண்ண விளக்கு. இரண்டையும் ஒரே தளத்தில் கலக்காதீர்கள்.

அளவைத் தேர்ந்தெடுப்பது

முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. நம் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. கடையில் கிடைக்கும் எச்.ஓ. (உண்மையின் 87இல் ஒரு பங்கு, 1:87), ஓ.ஓ. (1:76) என்ற மாதிரி அளவுகளின் தண்டவாளம் 16.5 மி.மீ. 1:87இல் இது 1435 மி.மீ. பாதையைத்தான் குறிக்கும், 1:76இல் இன்னும் ஒடுக்கம். அந்த அளவுகளில் உடலைச் செய்து இந்தத் தண்டவாளத்தில் வைத்தால், அகன்ற பெட்டி ஒல்லிக் காலில் நிற்பதுபோல இருக்கும். படத்தில் பார்த்தவுடனே பிழை தெரியும்.

இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. அடிக்கு 3 மி.மீ. என்ற அளவை எடுங்கள், அதாவது 1:101.6. ஐந்தரை அடியை மூன்றால் பெருக்கினால் 16.5. தண்டவாளம் அச்சொட்டாகப் பொருந்துகிறது! சாதாரண எச்.ஓ. தண்டவாளம், எச்.ஓ. சில்லு, எச்.ஓ. மோட்டார்ச் சட்டகம் எல்லாம் பயன்படும். உடலை மட்டும் 3 மி.மீ. அளவில் செய்தால் போதும். ஆட்கள், மரங்கள், வாகனங்களுக்கு, கட்டட வரைஞர்கள் வாங்கும் 1:100 மாதிரிப் பொருட்கள் மலிவாகக் கிடைக்கும். அந்த ஒன்றரைச் சதவீத வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். எச்.ஓ. தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகள் ஏறத்தாழ 30 மி.மீ. நீளம். நமக்கு வேண்டியது 27. இரு முனையிலும் ஒன்றரை மில்லிமீற்றர் வெட்டிவிடலாம், அல்லது சல்லியால் மூடிவிடலாம். அடுத்தது இஞ்சின். எச்.ஓ. சட்டகங்கள் நம் உடலைவிட நீளமாக வரும். எம்4 உடலுக்கு ஏறத்தாழ 170 மி.மீ. இடம்தான் இருக்கிறது. ஆகவே குட்டையான சட்டகமாகத் தேடுங்கள். இரண்டு போகிகளின் (சில்லுத் தொகுதிகளின்) நடுவிடைவெளியை அளந்து, வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். உடலை முதலில் அச்சிட்டுவிட்டுச் சட்டகம் தேடினால் இரண்டு தடவை செலவாகும்.

தளமும் பாதையும்

காட்சித் தளம் 2.4 மீற்றர் நீளம், 40 செ.மீ. அகலம். இரு முனையிலும், கோச்சி பார்வைக்குத் தெரியாமல் நிற்க, ஒவ்வொரு மீற்றர் மறைவுத் தளம்: தெற்கே வவுனியா, வடக்கே கிளிநொச்சி. கோச்சியின் நீளத்திலிருந்து கணக்குத் தொடங்க வேண்டும். நாலு சில்லுப் பெட்டி ஒன்று இணைப்போடு சேர்த்து 70 மி.மீ. பிடிக்கும். எட்டுப் பெட்டி 560, கடைசியில் கார்ட் ஏறும் கார்ட் வண்டி 70, இஞ்சின் 170, ஆக மொத்தம் 800 மி.மீ.

பிரதான பாதைக்குப் பக்கத்தில், இரு முனையிலும் அதோடு சேரும் கடவுப்பாதை ஒன்று. அதன் வட முனைக்குச் சற்று முன்னால் பிரிந்து, தெற்கு நோக்கித் திரும்பி ஓடும் சைடிங் ஒன்று. பாதை பிரியும் பொயின்டுகள் மொத்தம் மூன்றுதான். பீக்கோ நிறுவனத்தின் நடுத்தரப் பொயின்ட் ஒன்றின் நீளம் 219 மி.மீ. சைடிங் பொயின்டுக்குத் தெற்கே கடவுப்பாதையில் 850 மி.மீ. தடையில்லாமல் இருக்க வேண்டும். சைடிங் 600 மி.மீ. போதும், ஆனால் மேடை முகப்பு ஆறு பெட்டிக்கு 420 மி.மீ. இருக்கட்டும். வட பொயின்டுக்கு அப்பால் காட்சித் தளத்துக்குள்ளேயே 700 மி.மீ. நேர்பாதை விடுங்கள். இது வீண் இடமாகத் தோன்றும். ஆனால் ஷண்டிங், அதாவது பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலை, முழுவதும் அங்கேதான் நடக்கும். இதைக் குறுக்கினால் ஆறு பெட்டியை ஒரே தடவையில் இழுக்க முடியாது.

மேடையின் உயரம் 11 முதல் 12 மி.மீ.; பெட்டியின் தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். மூடை சுமப்பவர் குனிந்து ஏறும்படி மேடை தாழ்ந்திருந்தால் எந்த வன்னிக்காரருக்கும் உடனே கண்ணில் குத்தும். மேடைக்கும் பெட்டி வாசலுக்கும் இடையில் ஒரு பலகை போடுங்கள்: அரை மில்லிமீற்றர்த் தடிப்பு மரச்சீவல், 18 மி.மீ. நீளம், நடுவில் மூடைச் சாக்கின் தூசி படிந்த சாம்பல் நிறம்.

பெட்டிகள்

உடலை 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி, கதவுச் சட்டத்தையும் மூலைக் கோணத்தையும் அரை மில்லிமீற்றர்ப் பட்டியில் ஒட்டலாம். சில்லு 10.5 மி.மீ. எச்.ஓ. தட்டுச் சில்லு, உள்முக இடைவெளி 14.4 மி.மீ. இருக்கிறதா என்று ஒவ்வொரு அச்சையும் அளந்து பாருங்கள். ஆறு பெட்டியில் ஒரு கதவையாவது திறந்தபடி ஒட்டுங்கள், உள்ளே நாலு மூடை தெரியட்டும்.

நாலு சில்லுப் பெட்டிகள் பின்னோக்கித் தள்ளும்போதுதான் தடம் புரளும். காரணம் இரண்டு. ஒன்று பாரம் போதாமை. எச்.ஓ. பெட்டிக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் சொல்லும் கணக்கு 28 கிராம், அதன் மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். நம் பெட்டிக்கு இது ஏறத்தாழ 65 கிராம் வரும். ஈயத் துண்டைத் தரைக்கு அடியில், இரு அச்சுக்கும் நடுவில் ஒட்டுங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே பாரமாக இருப்பது மிக முக்கியம்: இலேசான பெட்டி கனமான பெட்டிகளுக்கு நடுவில் அகப்பட்டால் பொயின்டில் தூக்கி எறியப்படும்.

இரண்டாவது காரணம் முறுகல். நாலு சில்லும் ஒரே மட்டத்தில் இறுகி இருந்தால், தண்டவாளம் சற்றே கோணிய இடத்தில் ஒரு சில்லு காற்றில் நிற்கும். முக்காலி ஆடாது, நாற்காலிதான் ஆடும். எனவே ஓர் அச்சை இறுக்கமாகவும் மற்ற அச்சை நடுவில் ஒரு கம்பியின் மேல் பக்கவாட்டில் ஆடும்படியும் பொருத்துங்கள். முடிந்ததும் கண்ணாடித் தகட்டில் வைத்து ஒவ்வொரு மூலையையும் விரலால் தட்டிப் பாருங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் வேலை முடியவில்லை.

இணைப்புக்குக் கேடீ நிறுவனத்தின் கொக்கி நல்லது. கழற்றுவதற்குக் காந்தம் பதிக்க வேண்டியதில்லை. காந்தம் இரும்பு அச்சுகளையும் பிடித்து இழுத்து, நின்ற பெட்டியை நகர்த்திவிடும். ஒரு நல்ல ஈர்க்கின் நுனியைச் சீவி, இரு கொக்கிகளுக்கு நடுவே மேலிருந்து விட்டு மெல்லத் திருப்பினால் விலகும். பச்சை ஈர்க்கு வளையும். காய்ந்த தென்னை ஈர்க்காக எடுங்கள்.

மூடைகள்

உண்மையான நெல்லை மேடையில் தூவ ஆசை வரும். வேண்டாம். ஒரு நெல்மணி 8, 9 மி.மீ. நீளம். நம் அளவில் ஒரு முழு மூடையின் நீளமே 9 மி.மீ.தான். ஒரு மணியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மூடையே கிடப்பதுபோல இருக்கும். அது போதாதென்று எறும்பும் அந்துப்பூச்சியும் எலியும் தளத்துக்கு வந்துவிடும். காயப் போட்ட நெல்லுக்கு, மிக நுண்ணிய சல்லடையில் சலித்த மரத்தூளை வெளிறிய காவி நிறத்தில் சாயமேற்றிப் பரப்புங்கள். தார் வீதியின் ஒரு பக்கத்தில் நீளமாகப் பரப்பி, சீப்புப் பல்லால் வரி வரியாக இழுத்துவிட்டால் காலால் கிளறிவிட்ட தடம் வரும். களஞ்சியத்துக்கு நெல் 14 சதவீத ஈரத்துக்குள் காய வேண்டும் என்பதால் இந்தக் காட்சி வெறும் அலங்காரமல்ல. மேடைக்கு மூடை பிந்தி வருவதற்கு இதுவே காரணம்.

மூடைகளை இரண்டு பாகம் கலக்கும் எபோக்சிப் புட்டியில் செய்யுங்கள். 5 மி.மீ. தடிப்பில் புழுப்போல உருட்டி, 3 மி.மீ. தடிப்புக்குத் தட்டையாக்குங்கள். பின்பு மொட்டைக் கத்தியால் 9 மி.மீ.க்கு ஒன்றாக அழுத்துங்கள். கூர்க் கத்தி நறுக்கென்று வெட்டிவிடும். மொட்டைக் கத்திதான் நுனியைக் கிள்ளி, சணல் தைத்த வாய்போல ஆக்கும். புட்டி இளக்கமாக இருக்கும்போதே மெல்லிய மல் துணியை மேலே அழுத்தி எடுங்கள். இழை பதியும். சின்ன இடுக்கியால் இரண்டு மூலையை இழுத்தால் மூடைக்குக் காது வந்துவிடும். பிறகு, இறுகும் முன்னரே அடுக்க வேண்டும். இறுகிய பின் அடுக்கினால் செங்கல் குவியல் போல நிற்கும். இளக்கத்தில் அடுக்கினால் மேல் மூடை கீழ் மூடையின் மேல் தொய்ந்து படியும், அடியிலிருப்பது பிதுங்கும். அந்தப் பிதுக்கத்தைக் கண்டதும் கை தானாக அடுத்த அடுக்கைத் தேடும்.

அடுக்கும் முறையும் உண்டு. நிலத்தில் நேரே வைப்பதில்லை, ஈரம் ஏறும். கீழே 1 மி.மீ. மரக்கட்டைகளை வரிசையாக ஒட்டி, அவற்றின் மேல் முதல் அடுக்கு நீளவாக்கில், இரண்டாவது குறுக்குவாக்கில் என மாறி மாறி. நிறம் சாம்பல் கலந்த வைக்கோல் நிறம். மஞ்சள் தூக்கலாக இருந்தால் பிளாஸ்டிக் போலாகிவிடும். மேடைக்கு 60 மூடை, திறந்த கதவுகளுக்கு 12, உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு 30, எல்லாமாக நூற்றுச் சொச்சம் செய்தால் போதும்.

மேல் திறந்த பெட்டியும் ஒன்று இரண்டு வைத்திருந்தால், மூடைக் குவியலைத் தனித் துண்டாகச் செய்து அடியில் சிறு இரும்புத் தகடு ஒட்டுங்கள். மேலே படங்கு. பசை கரைத்த தண்ணீரில் நனைத்த மெல்லிய கடதாசியைக் குவியலின் மேல் போர்த்தி, நூலால் கட்டி, காய்ந்த பின் மங்கிய பச்சை பூசினால் படங்கு. குச்சியின் நுனியில் ஒட்டிய காந்தத்தால் பாரத்தைத் தூக்கி எடுக்கலாம், கை படாமலே வெறும்பெட்டி ஆகிவிடும்.

ஏற்றும் நேரம்

கணக்கை இப்படி வையுங்கள். நம்மூர்ப் புசல் நெல் 20.87 கிலோ. மூன்று புசல் சாக்கு ஒன்று 62.6 கிலோ. பெட்டிக்கு 250 மூடை என்றால் 15 தொன் 650 கிலோ. ஆறு பெட்டிக்கு 1500 மூடை, 4500 புசல். ஏக்கருக்கு 50 புசல் விளைந்ததாக எடுத்தால் 90 ஏக்கரின் அறுவடை அந்த ஆறு சின்னப் பெட்டிக்குள் போகிறது. உழவு இயந்திரம் தடவைக்கு 50 மூடை கொண்டுவந்தால் 30 நடை. ஆகவே நிலைய முற்றத்தில் ஓர் இயந்திரம் மட்டும் நிற்பது பொய்யாகத் தெரியும். மூன்று நாலு வரிசையில் நிற்கட்டும், கடைசியானது வீதி வரை.

ஒருவர் ஒரு மூடையைச் சுமந்து வைத்துத் திரும்ப இரண்டு நிமிடம். எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு மணித்தியாலத்துக்கு 240 மூடை ஏற்றும். பெட்டிக்கு ஒரு மணித்தியாலமும் சொச்சமும். இரண்டு குழு வேலை செய்தால் ஆறு பெட்டிக்கு மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல்.

வேகக் கடிகாரத்தை (உண்மை நேரத்தைவிட விரைந்து ஓடும் கடிகாரத்தை) 1:4 என்று ஓட விடுங்கள். அப்போது இந்த மூன்று மணித்தியாலம் நம் அறையில் 47 நிமிடம். 1:12 போன்ற வேகம் இதற்குச் சரிவராது. கடிகாரம் பறந்தாலும் இஞ்சின் தன் வேகத்தில்தான் ஊரும், ஒரு ஷண்டிங் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வேகத்தையும் அளந்து வையுங்கள்: மணிக்கு 30 கி.மீ. என்றால் ஒரு மீற்றரை 12 செக்கனில் கடக்க வேண்டும். ஷண்டிங் மணிக்கு 5 கி.மீ. என்றால் ஒரு மீற்றருக்கு 73 செக்கன். முதன்முதல் அளந்து பார்ப்பவர்கள் தாங்கள் எவ்வளவு ஓட்டம் ஓட்டியிருக்கிறோம் என்று திகைப்பார்கள்.

ஏற்றி முடியாத பெட்டியைத் தொடக்கூடாது என்பதே விதி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு மட்டைத் துண்டு வைத்து, ஏற்றத் தொடங்கிய நேரத்தைப் பென்சிலால் எழுதுங்கள். அந்த நேரத்தோடு 63 நிமிடம் கூட்டினால்தான் பெட்டி விடுதலை.

எடுப்பதும் விடுவதும்

ஒற்றைப்பாதை. டெப்லட் (அந்தப் பகுதிக்குள் போகும் அனுமதிச் சின்னம்) இல்லாமல் எந்தக் கோச்சியும் அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது. நம் தளத்தில் அதற்குப் பதிலாக வவுனியாப் பக்கத்துக்கு ஒரு பித்தளை வளையம், கிளிநொச்சிப் பக்கத்துக்கு ஒன்று. இரண்டையும் நிலைய அதிபராக இருப்பவரே வைத்திருக்க வேண்டும். வடக்கே அந்த 700 மி.மீ. நேர்பாதையில் ஷண்டிங் செய்யும் நேரம் முழுவதும் கிளிநொச்சி வளையம் இஞ்சின்காரர் கையில் இருக்கும். அதுவரை வடக்கிலிருந்து எதுவும் வரமுடியாது. யாழ்தேவி வரும் நேரமாகிவிட்டால் ஷண்டிங்கை நிறுத்தி, கடவுப்பாதைக்குள் ஒதுங்கி, வளையத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விளையாட்டின் சுவை முழுக்க இந்த இழுபறியில்தான்.

காலை 6.30க்கு வடக்கே போகும் சாமான் கோச்சி வருகிறது. வெறும்பெட்டி ஆறும் இஞ்சினுக்கு அடுத்தே இருக்கும்படி வவுனியாவிலேயே கட்டியிருக்க வேண்டும். இங்கே செய்வது இலகு: ஆறாவது பெட்டிக்குப் பின்னால் கழற்றி, முன்னே இழுத்து, சைடிங்குக்குள் பின்தள்ளி, விட்டுவிட்டுத் திரும்பி மிச்சத்தோடு சேர்ந்து போய்விடலாம்.

பிற்பகல் 1 மணிக்குத் தெற்கே போகும் கோச்சி வரும்போதுதான் சிக்கல். இஞ்சின் தென் முனையில். சைடிங் வாசலோ வட முனையில். நேரே உள்ளே போனால் இஞ்சின் தடுப்புக் கட்டைக்குள் அகப்பட்டுவிடும். எனவே கோச்சியைக் கடவுப்பாதையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, இஞ்சின் பிரதான பாதை வழியே சுற்றி வட முனைக்கு வர வேண்டும். அங்கே நிற்பது கார்ட் வண்டி. நெல் பெட்டிகளை அதற்குப் பின்னால் கொண்டுவந்து ஒட்டினால் கார்ட் வண்டி நடுவில் மாட்டிக்கொள்ளும். அது எப்போதும் கடைசியில்தான் இருக்க வேண்டும்.

புதியவர்கள் கார்ட் வண்டியைப் பிரதான பாதையில் தனியே தள்ளிவிட்டு நாலைந்து தடவை முன்னும் பின்னும் போவார்கள். தேவையில்லை. கார்ட் வண்டியை மட்டும் கோச்சியிலிருந்து கழற்றி, இஞ்சினோடு இழுத்துக்கொண்டு வடக்கே போய், அதோடேயே சைடிங்குக்குள் தள்ளுங்கள். கார்ட் வண்டி நெல் பெட்டிகளோடு கொளுவும். எல்லாவற்றையும் சேர்த்து வெளியே இழுத்து, கடவுப்பாதையில் நிற்கும் கோச்சியோடு தள்ளிச் சேருங்கள். நெல் பெட்டி நடுவில், கார்ட் வண்டி கடைசியில். இஞ்சினைக் கழற்றித் தெற்கே சுற்றிக் கொண்டுபோனால் கோச்சி தயார். இதற்கு வடக்கே வேண்டிய நீளம் இஞ்சின் 170, கார்ட் வண்டி 70, பெட்டிகள் 420, மொத்தம் 660 மி.மீ. அதனால்தான் அந்த 700.

தளம் சற்றே சரிந்திருந்தாலும் இஞ்சின் இல்லாத கோச்சி தானாக உருளும். கைபிரேக்குக்குப் பதிலாகக் கடவுப்பாதையின் நடுவில், பல் தூரிகையின் நார் இரண்டை அச்சுத் தொடும் உயரத்துக்கு நிமிர்த்தி ஒட்டுங்கள். நின்ற பெட்டி நிற்கும், இஞ்சின் இழுத்தால் வரும்.

போகமும் சீட்டும்

வருடம் முழுவதும் ஆறு பெட்டி நெல் போகாது. காலபோக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில்: அப்போது ஆறு முதல் எட்டுப் பெட்டி. சிறுபோகம் குளத்துத் தண்ணீரில் விளைவது, ஓகஸ்ட் வாக்கில் மூன்று நாலு பெட்டி. ஒக்டோபர், நவம்பரில் நெல்லே இல்லை. உரமும் விதைநெல்லும் வடக்கே வரும், மழைக்குப் படங்கு இறுகக் கட்டியிருக்கும். ஓட்டம் தொடங்குமுன் மாதத்தை ஒரு சீட்டுக் குலுக்கி எடுத்தால், ஒவ்வொரு தடவையும் வேலை வேறாகும்.

பெட்டிக்கு ஒரு மட்டை, அதில் ஒரு சிறு பை, பைக்குள், பெட்டி எதை ஏற்றி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் நாலு பக்கச் சீட்டு. முதல் பக்கம்: வெறும்பெட்டி, வவுனியாவிலிருந்து மாங்குளம். இரண்டாவது: நெல் 250 மூடை, மாங்குளத்திலிருந்து கொழும்பு. மூன்றாவது: உரம், கொழும்பிலிருந்து கிளிநொச்சி. நாலாவது: வெறுஞ்சாக்குக் கட்டு, கொழும்பிலிருந்து மாங்குளம். இந்தக் கடைசிச் சீட்டை விட்டுவிடாதீர்கள். சாக்குத் திரும்பி வராவிட்டால் அடுத்த நெல் போகாது. ஒரு தடவை சாக்குப் பெட்டி வவுனியாவில் பிந்தினால், அடுத்த ஓட்டத்தில் மாங்குளத்தில் இரண்டு பெட்டிக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் பெட்டிகளை எடுத்துப் பெட்டகத்தில் அடுக்காதீர்கள். அரைவாசி ஏற்றிய பெட்டி மேடையில் அப்படியே நிற்கட்டும், பென்சிலில் எழுதிய மட்டைத் துண்டு அதன் கூரையில் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓடும்.